அகலப்பாதை

கணபதியப்பனுக்கு ஒரு குணம் உண்டு. எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் அதில் இருக்கிற பிழைதான் முதலில் அவர் கண்ணில் படும். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் மாப்பிள்ளை யார் என்று பார்க்கமாட்டார், எழுத்துப்பிழை எங்கே என்று பார்ப்பார். ரயில்வேயில் லோகோ பைலட்டாக இருந்து ஓய்வு பெற்ற அன்று நாகர்கோவில் சந்திப்பில் அவருக்குத் தோவாளைப் பூவில் மாலை கட்டிப் போட்டார்கள். மாலை ஒரு பக்கம் இறங்கிக் கிடக்கிறது என்று அதைக் கழுத்தில் இருந்தபடியே இழுத்துச் சரிசெய்துவிட்டுத்தான் போட்டோவுக்கு நின்றார். இவர் கோயிலுக்குப் போனால்கூடப் பிள்ளையாரின் தும்பிக்கை நேராக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார் என்று அவர் மனைவி தாணம்மாள் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஆயிரம் பேர் தூங்கிக்கொண்டு வருகிற வண்டியை ஓட்டுகிறவர் பிழையைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பார்? அந்தக் கண்ணை வேலை முடிந்ததும் டெப்போவில் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். அது அவருக்குக் கைகூடவில்லை.

வீட்டில் அந்தக் கண்ணுக்கு அகப்பட்டவன் ஒரே மகன் ஹரிகுமார். சின்ன வயதில் அப்பா ஓட்டுகிற ஆல்கோ டீசல் இஞ்சினைப் படம் வரைந்து கொண்டுவந்து காட்டினான். பஃபர் எங்கலே என்று கேட்டார் அப்பா. இஞ்சின் முகப்பில் இடியைத் தாங்குகிற அந்தப் பஃபரையும் வரைந்து கொண்டுவந்தான். ஹெட்லைட் இவ்வளவு கீழேயா இருக்கும் என்றார். அதற்குப் பிறகு அவன் வரைந்தது எதுவும் அவர் பார்வைக்கு வரவில்லை.

இன்னொன்றும் நடந்தது. ரயில்வேயில் ‘ஆல்ரைட்’ மாற்றுவது என்று ஒரு வழக்கம். நிற்காத ஸ்டேஷனைக் கடக்கும்போது பிளாட்பாரத்தில் ஒருவர் பச்சைக் கொடியோடு நிற்பார். இஞ்சினிலிருந்து டிரைவரும் கையை வெளியே நீட்டிப் பச்சை காட்டுவார். என் பக்கம் எல்லாம் சரி, உன் பக்கம்? என் பக்கமும் சரி. அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். இதை எங்கேயோ கேட்டுத் தெரிந்துகொண்ட ஹரிகுமார், ஒரு நாள் அம்மாவின் பச்சை ரவிக்கைத் துணியைக் கம்பில் கட்டிக்கொண்டு, சைக்கிளை மிதித்துத் தோவாளைப் பக்கம் வயலோரமாகப் போய் நின்றான். அப்பாவின் வண்டி வந்தது. அப்பா அவனைப் பார்த்தார். பார்த்ததும் அவனுக்குத் தெரிந்தது. ஆனால் கை மட்டும் வெளியே வரவில்லை. ரயில்வே ஆள் அல்லாதவன் பச்சை காட்டுவது தப்பு என்று வீட்டுக்கு வந்ததும் விளக்கமாகச் சொன்னார். விதி அதுதான், அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

இப்படியெல்லாம் இருந்தும் ரயில் பைத்தியம் அந்தப் பையனை விடவில்லை. படித்து, தோஹாவில் ஏர்கண்டிஷன் கம்பெனி ஒன்றில் வேலைக்குப் போய், லட்சுமிப்ரியாவைக் கட்டி, ஹரிதா என்று ஒரு மகளும் பிறந்த பிறகு, மாதிரி இஞ்சின் செய்கிற வேலையில் இறங்கினான். அமெரிக்க மாதிரி இஞ்சினை வாங்குவான். மோட்டாரையும் சக்கரத்தையும் வைத்துக்கொண்டு மேலுடம்பைக் கழற்றி எறிவான். பிளாஸ்டிக் தகட்டை வெட்டி ஒட்டி அதன்மேல் நம் ஊர் இஞ்சினைக் கட்டுவான். உண்மையானதை எண்பத்தேழு பங்காகச் சுருக்கினால் வருகிற அளவு, ஒரு முழத்துக்கும் குறைவு. மகளின் கட்டிலுக்கு அடியில் அதற்கு ஒரு பாதையும் போட்டுக் கொடுத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை தோறும் வீடியோவில் பேசுவான். ஆடி மாதத்து வெள்ளி ஒன்றில் ஒரு இஞ்சினைக் கையில் ஏந்திக் காட்டினான். இன்னும் பெயின்ட் அடிக்காத வெள்ளை உடம்பு.

“அப்பா, இது எதுன்னு தெரியுதா? நீங்க ஓட்டுன ஆல்கோ.”

கணபதியப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். திருப்பச் சொன்னார், கவிழ்க்கச் சொன்னார். ஏணிப்படியில் கைப்பிடி இரண்டு வரவேண்டும், ஒன்றுதான் இருக்கிறது என்றார். பிறகு, “சக்கரத்துக்கு ஊடால அகலம் சரியாட்டு எடுத்தியாலே? பாத்தா குறுகலாட்டு இருக்கே” என்று கேட்டார்.

மகன் சிரித்தான். “அது யோசிச்சுத்தாம்ப்பா வச்சிருக்கேன்.”

அடுத்த வெள்ளிக்கிழமை அழைப்பு வரவில்லை. அதற்கு முன்னாலேயே லட்சுமிப்ரியாவிடமிருந்து வந்துவிட்டது. தூங்கப் போனவன் எழுந்திருக்கவில்லை. நாற்பது ஆகவில்லை அவனுக்கு. பெட்டியில் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கி, தாழக்குடியில் அவன் பிறந்த வீட்டின் முற்றத்தில் கொஞ்ச நேரம் கிடந்துவிட்டுப் போனான். சாம்பலைக் கன்னியாகுமரியில் கடலில் கரைத்தார்கள். மருமகளுக்குத் தோஹாவில் பள்ளிக்கூடத்தில் வேலை, குழந்தைக்கு அங்கே படிப்பு. பதினாறு முடிந்ததும் இரண்டு பேரும் திரும்பிப் போனார்கள்.

ஒரு மாதம் கழித்துக் கார்கோவில் ஒரு அட்டைப்பெட்டி வந்தது. ஹரிகுமாரின் இஞ்சின்கள் மூன்றும் அதில் இருந்தன. ஒன்றும் முடியாதவை. யார்டில் பெட்டி தள்ளுகிற சின்ன ஷண்டர், அந்த ஆல்கோ, பிறகு அடிப்பாகமும் கூரையும் மட்டும் இருந்த ஒரு மின்சார இஞ்சின். பெட்டி வந்த அன்றே ஹரிதா போனில் கூப்பிட்டாள். எட்டு வயதுக் குழந்தை, எழுதி வைத்துக்கொண்டு படிக்கிறது போல நிதானமாகப் பேசினாள். அப்பா முடிக்கவில்லை, தாத்தாவுக்குத்தான் நிஜ இஞ்சின் தெரியும், தாத்தா முடித்து வைப்பீர்களா என்று கேட்டாள். அப்பா போட்டுத் தந்த பாதை தன்னிடமே இருக்கிறதாம். ஆண்டுத் திவசத்துக்கு வரும்போது கொண்டுவருவாளாம், அதில் ஓட்ட வேண்டுமாம்.

“முடிச்சு வைக்கேன் மக்கா” என்றார் கணபதியப்பன். மகன் போன பிறகு அவர் குரல் உடைந்தது அப்போதுதான்.

மாடி அறையில் மேசை போட்டார். தாணம்மாள் அந்த அறைக்கு ஏறவே இல்லை. அது ஹரிகுமார் படித்த அறை. சாப்பிட வாருங்கள் என்றுகூடக் கீழ்ப்படியில் நின்றுதான் கூப்பிடுவாள்.

வயலில் கன்னிப்பூ நெல் அறுவடை நடந்துகொண்டிருந்தபோது ஷண்டரை எடுத்தார். சின்னது, கைப்பழக்கத்துக்கு நல்லது என்று நினைத்தார். வாழ்நாள் முழுக்க நூற்றுக்கணக்கான டன் இரும்பைக் கையாண்ட விரல்களுக்குத் தலைமுடி கனத்துக் கம்பியைப் பிடிக்க வரவில்லை. கைப்பிடிக் கம்பி ஒன்றை வளைப்பதற்குள் மூன்றைத் தொலைத்தார். தரையில் விழுந்தால் தேடுவதற்குக் காந்தம் வாங்கினார், பித்தளைக் கம்பி காந்தத்தில் ஒட்டாது என்பது அதற்குப் பிறகு ஞாபகம் வந்தது. பற்றவைக்கும்போது கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டார். மோட்டாருக்கு மின்சாரத்தை ஏற்றிக் கொடுத்து ஒரு தடவை புகையும் வரவழைத்தார். தாணம்மாள் கீழே இருந்து என்ன வாசனை என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, கோயம்புத்தூரிலிருந்து வேறு மோட்டார் வரவழைத்தார்.

தீபாவளி வந்தது, அந்த வீட்டுக்கு வரவில்லை. ஒரு வருஷத்துக்குக் கோயில் கிடையாது, விசேஷம் கிடையாது. மார்கழியில் சுசீந்திரம் தேர் இழுக்கக்கூடப் போகவில்லை. அந்த நாட்களில் மனுஷருக்கு மாடி அறைதான் கோயில். ஷண்டர் முடிந்தது. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது மகனிடம் கேட்க நிறைய இருந்தது. இந்தச் சின்ன ஜன்னலை எப்படிடா இவ்வளவு சதுரமாக வெட்டினாய்? எந்தக் கத்தி? உட்கார்ந்து எவ்வளவு நேரம்? அவன் உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் வாயில் வராத கேள்விகள் இப்போது வரிசை கட்டி வந்தன.

தைப் பொங்கலுக்கு அடுப்பு மூட்டாத அந்த வாரத்தில் ஆல்கோவை எடுத்தார். அதன் கூரையில் ஒரு ஓரத்தில் பசை காய்வதற்குள் பட்ட விரல் ரேகை ஒன்று இருந்தது. ஹரிகுமாரின் கட்டைவிரல். லென்ஸை வைத்து வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயின்ட் அடித்தால் அந்த இடம் மேடாகத் தெரியும், ஆல்கோ கூரையில் அப்படி ஒரு மேடு கிடையாது. உப்புத்தாளை எடுத்துத் தேய்த்துச் சமப்படுத்தினார். மறுநாள் காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் மாடிக்குப் போய் அதே லென்ஸை வைத்து அந்த இடத்தைத் தேடினார். வழவழவென்று இருந்தது. 

அதற்கு மேலாவது மனுஷர் அடங்கியிருக்க வேண்டாமா? இல்லை. அந்த வாரமே சக்கரத்துக்கு நடுவே அளவுகோலை வைத்தார். பதினாறரை மில்லிமீட்டர். எண்பத்தேழால் பெருக்கிப் பார்த்தார். வருகிறது வெள்ளைக்கார நாட்டுப் பாதையின் அகலம். நம் நாட்டு அகலப்பாதை அதைவிட ஒரு சாண் கூடுதல். அந்த அகலத்தில்தான் அவர் ஆயுசே ஓடியது. நம் இஞ்சினின் கம்பீரமே அந்த அகலத்தில்தான் இருக்கிறது. அன்றைக்கு வீடியோவில் பார்த்ததும் குறுகல் என்று சொன்னோமே, சொன்னது சரியாகப் போயிற்றே என்று நினைத்தார். என்னத்தை யோசித்து வைத்தான் இவன்?

வாங்கின சக்கரத்தை அப்படியே மாட்டிவிட்டான், சோம்பல்தான் என்று தீர்மானித்தார். அவன் பேரில் ஒரு தப்பு நிற்கக் கூடாது. அவன் செய்தது குறையாக இருக்கக் கூடாது, அதை நிறைவாக்குவதுதான் தன்னால் அவனுக்குச் செய்ய முடிந்தது என்று நெஞ்சாரவே நம்பினார். அதுதான் கொடுமை. கோபத்தில் செய்திருந்தால்கூட ஆறிவிட்டிருக்கும், இதைப் பாசத்தில் செய்தார்.

குழந்தையிடம் இருக்கிற பாதை அவர் நினைவுக்கு வராமல் இல்லை. அதுவும் குறுகலாகத்தான் இருக்கும். வரட்டும், சரியான பாதையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தார்.

மூன்று இஞ்சினுக்கும் சக்கரங்களை உருவி, அடிச்சட்டங்களை ரம்பத்தால் இரண்டாகப் பிளந்தார். கோட்டாறில் கடைசல் பட்டறைக்குப் போய்ப் புது அச்சுகளுக்கு அளவு கொடுத்தார். பட்டறைக்காரர் அளவைப் பார்த்துவிட்டு, எறும்பு ஏறிப்போகவா அண்ணாச்சி என்று கேட்டார். இவர் சிரிக்கவில்லை.

ரம்பச் சத்தம் கேட்டுத் தாணம்மாள் படிக்குக் கீழே வந்து நின்றாள்.

“அவன் செஞ்சத எதுக்கு வெட்டுகிய?”

“தப்பாட்டுச் செஞ்சிருக்கான்.”

“தப்பாட்டே இருந்துட்டுப் போட்டுமே.”

அவர் ரம்பத்தை வைத்துவிட்டு இடுக்கியை எடுத்தார். டெப்போவில் ஒரு முறை உண்டு. ஆகாது என்று கழித்துவிட்ட உதிரிப் பாகத்தை முழுசாக விட்டுவைக்கக் கூடாது, யாராவது தெரியாமல் எடுத்து மாட்டிவிடுவார்கள், உடைத்துத்தான் போடவேண்டும். ஹரிகுமார் மாட்டியிருந்த அச்சுகளை ஒவ்வொன்றாக இடுக்கியில் பிடித்துத் துண்டு துண்டாக நறுக்கிக் குப்பையோடு வாரிப் போட்டார். குப்பை வண்டி வந்து கொண்டுபோனது.

கும்பப்பூ அறுத்து வயல் காய்ந்து கிடந்த மாசியிலும் பங்குனியிலும் பாதை போட்டார். அறையைச் சுற்றி மேசை மட்டத்தில் பலகை. மரச்சீவலில் ஸ்லீப்பர் கட்டைகள். அவற்றின்மேல் தண்டவாளம், கட்டைக்குக் கட்டை அளவுகோல் வைத்து. இம்மி பிசகவில்லை. ஆல்கோவுக்கு அவர் ஓட்டின காலத்து நிறத்தையே பூசினார். வடசேரியில் பைக்குக்குப் பெயின்ட் அடிக்கிறவரிடம் போய் ஊதிப் பூசுகிற விதத்தைப் பார்த்து வந்தார். இரண்டாவது கைப்பிடியை வைத்தார். மின்சார இஞ்சினுக்குப் பக்கங்களை வெட்டி ஒட்டி, கூரைமேல் கம்பியைத் தொடுகிற மடக்குச் சட்டத்தைப் பித்தளையில் கட்டினார். அதற்கு மட்டும் சித்திரையும் வைகாசியும் போயிற்று.

ஆனியில் மூன்றும் ஓடின. குலுக்கல் இல்லை, திணறல் இல்லை. ஆல்கோ வளைவில் திரும்பி அவரைப் பார்த்து வரும்போது, அந்த அகலத்தில் அது உட்கார்ந்திருந்த இருப்பைப் பார்த்துக் கண் நிறைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வீடியோவில் ஹரிதா கேட்பாள், தாத்தா ஓடுதா என்று. ஓடுது மக்கா என்று பக்கவாட்டில் மட்டும் பிடித்துக் காட்டுவார். பாதையைக் காட்டமாட்டார், நேரில் வந்து பார்க்கட்டும் என்று வைத்திருந்தார். அழகா இருக்கு தாத்தா என்பாள் அவள். நான் ஒரு ஆளிடம் சொல்லியிருக்கிறேன், அப்பா இஞ்சின் என் பாதையில் ஓடப்போகிறது என்று சொல்லியிருக்கிறேன் என்பாள். யாரம்மா அந்த ஆள் என்று கேட்டால் சொல்லமாட்டாள், பின்சுவரில் இருக்கிற அப்பா படத்தைத் திரும்பிப் பார்த்துக்கொள்வாள்.

ஆடியில் வந்தார்கள். லட்சுமிப்ரியா மெலிந்திருந்தாள். ஹரிதா வளர்ந்திருந்தாள், மோவாயில் அப்படியே அப்பன் சாயல். வந்ததும் மாடிக்குப் போகிறாயா என்று தாத்தா கேட்டார். இப்போது வேண்டாம், அப்பாவுக்குச் சாமி கும்பிட்ட பிறகு ஓட்டலாம் என்று அம்மா சொல்லியிருக்கிறாள் என்றாள்.

ஆண்டுத் திவசம் நடந்தது. மகன் அப்பனுக்குச் செய்ய வேண்டியதை அப்பன் மகனுக்குச் செய்தார். எள்ளும் தண்ணீரும் விட்டார். மந்திரத்தில் ஓர் இடத்தில் புரோகிதர் பேரை ஹரிகிருஷ்ணன் என்று சொல்லிவிட்டார், கணபதியப்பன் அதை ஹரிகுமார் என்று திருத்தினார். காக்கைக்கு வைத்தார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுப் போனார்கள்.

மத்தியானம் வீடு அடங்கியதும் ஹரிதா தன் பெட்டியைத் திறந்தாள். உடுப்புகளுக்கு நடுவில் துணியில் சுற்றிச் சுற்றி வைத்திருந்த பாதைத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். எது எதோடு சேரும் என்று அவளுக்குப் பார்க்காமலே தெரிந்தது. முன்னறையில் தரையில் நீள்வட்டமாகப் பூட்டினாள், மின்சாரக் கம்பியைச் செருகினாள். துடைத்துத் துடைத்து வைத்திருந்த பாதை. பிறகு கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, தாத்தா, ஆல்கோவைக் கொண்டு வாருங்கள் என்றாள்.

கணபதியப்பன் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படி இறங்கி வந்தார். அதைக் கண்டதும் குழந்தையின் முகம் மலர்ந்தது. லட்சுமிப்ரியா சுவரோடு சாய்ந்து நின்று பார்த்தாள். தாணம்மாள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

ஹரிதா இஞ்சினை வாங்கிப் பாதையில் வைத்தாள். ஒரு பக்கச் சக்கரம் தண்டவாளத்தில் உட்கார்ந்தது, மறுபக்கம் தாண்டி வெளியே தொங்கிற்று. எடுத்து மறுபடி வைத்தாள். முன்சக்கரத்தை முதலில் வைத்துப் பார்த்தாள். குனிந்து கன்னத்தைத் தரையோடு வைத்து எங்கே தட்டுகிறது என்று பார்த்தாள்.

“ஏறலையே தாத்தா.”

“ஏறாது மக்கா” என்றார் அவர். குந்தி உட்கார்ந்து, பொறுமையாக எடுத்துச் சொன்னார். நம் நாட்டுப் பாதை அகலமானது. கடையில் கிடைக்கிற இந்தப் பாதை வேறு நாட்டு அளவு, குறுகல். அப்பா தெரியாமல் அந்த அளவிலேயே வைத்துவிட்டான். தாத்தா எல்லாவற்றையும் சரிசெய்து வைத்திருக்கிறேன். மாடியில் சரியான அகலத்தில் பாதையும் போட்டிருக்கிறேன், வந்து பார்.

குழந்தை அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாமல் வளர்ந்த பிள்ளை.

“அப்பாவுக்குத் தெரியும் தாத்தா” என்றாள். “எங்கிட்ட சொல்லியிருக்காங்க. சரியான அகலத்துல செஞ்சா தாத்தாவுக்குப் பிடிக்கும், ஆனா உன் பாதையில ஓடாது. அதனால தப்பாவே வைக்கிறேன், தாத்தா திட்டினா திட்டிட்டுப் போறாங்கன்னு சொல்லிச் சிரிச்சாங்க.”

 வெளியே காக்கைகள் இலையைக் கிளறிக்கொண்டிருந்தன. யோசிச்சுத்தாம்ப்பா வச்சிருக்கேன். இத்தனை நாளாக அவர் காதில் சோம்பேறியின் சாக்காகக் கேட்டுக்கொண்டிருந்த அந்த வார்த்தை, இப்போதுதான் மகனின் குரலில் கேட்டது.

ஹரிதா இஞ்சினைக் கவிழ்த்து அடியைப் பார்த்தாள். “அப்பா வச்சது எங்க தாத்தா? அதை மறுபடி மாட்டினா ஓடும்ல?”

கணபதியப்பன் வாயைத் திறந்தார். துண்டு துண்டாக நறுக்கினேன் என்று சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

“அது இல்ல மக்கா. தாத்தா வேற கடைஞ்சு மாட்டித் தாறேன். நீ போறதுக்குள்ள குறுக்கித் தந்துடுவேன்.”

“அது நீங்க செஞ்சதுல்லா” என்றாள் குழந்தை. குற்றம் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். அந்த ‘லா’ அவள் அப்பன் பேச்சு. லட்சுமிப்ரியா முகத்தைத் திருப்பிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

மேலே வருகிறாயா, மேலே நன்றாக ஓடும் என்று கேட்டார். அப்புறம் வருகிறேன் தாத்தா என்றாள். ஹரிகுமாரும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான். படம் வரைந்தாயா என்று கேட்டால், அப்புறம் காட்டுகிறேன் அப்பா என்பான். அவனுடைய அப்புறம் எதுவும் வந்ததில்லை.

இஞ்சினை எடுத்துக்கொண்டு படியேறினார். ஒவ்வொரு படியும் மலையாக இருந்தது. தான் போட்ட பாதையில் அதை வைத்தார், சரியாக உட்கார்ந்தது. மின்சாரம் விடுகிற குமிழைத் திருப்பினார். ஆல்கோ கிளம்பி அறையைச் சுற்றி வந்தது, ஒரு குலுக்கல் இல்லாமல், ஒரு குறை இல்லாமல். உலகத்திலேயே அந்த ஒரு அறைக்குள் மட்டும் ஓடக்கூடிய வண்டி. கீழே பாதைத் துண்டுகளைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. டக், டக் என்று ஒவ்வொன்றாக. அழுகைச் சத்தம் கேட்டிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

அந்தச் சத்தம் நின்ற பிறகு படியில் காலடி கேட்டது. குழந்தைதான் என்று திரும்பினார். தாணம்மாள் நின்றாள். ஒரு வருஷம் கழித்து அந்த அறைக்குள் வந்திருக்கிறாள். மகனின் பழைய கட்டிலில் உட்கார்ந்து, இஞ்சின் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவன் வச்சதுதான் சரி, தாணு” என்றார் கணபதியப்பன்.

“அத அவங்கிட்டல்லா சொல்லியிருக்கணும்” என்றாள் அவள். அவள் குரலில் கோபமே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மடியில் கைகளைக் கோத்து அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

இஞ்சினை நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. அது ஜன்னலைக் கடந்து, வளைவில் திரும்பி, அவரைப் பார்த்து வந்தது. தோவாளை வயலோரத்தில் கம்பில் கட்டிய ரவிக்கைத் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற பையனின் முகம், அன்றைக்கு அரை நொடி பார்த்த முகம், இப்போது பக்கத்தில் தெரிந்தது. கணபதியப்பன் கையை நீட்டினார். முழுக்க நீட்டினார், தோள் வலிக்கிற மட்டும். நீட்டிய கைக்குக் கீழே ஆல்கோ கடந்து போயிற்று. மறுபடி சுற்றி வந்தது, மறுபடி கடந்து போயிற்று. அவர் கையை மடக்கவில்லை.